ஜென்குயெ: ஒரு நன்றியின் வரலாறு
(கிளவுஸ் ஷுல்ட்ஸேயின் அரங்கப் பதிவுகளும் அவற்றைக் காத்த ரசிகர்களும்)

இது சற்று நீண்ட பதிவு. இசை வரலாறு, ஆவணவியல், மொழியியல் ஆகியவற்றில் ஈடுபாடுள்ள மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியிருக்கிறேன். பொறுமையுடன் வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

1. கேள்வி

மின்னணு இசைக்கு அரங்கப் பதிவு எதற்கு? இசைக் கலைஞர் மேடையேறினாலும் ஒலியை எழுப்புவது இயந்திரந்தானே? பதிவுக்கூடத்தில் திருத்தமாக உருவாக்கிய ஒன்றையே அரங்கில் மீண்டும் ஒலிக்கவிட்டு, அதையும் பதிவுசெய்து விற்பதில் என்ன பொருள்? 1970களிலிருந்து இக்கேள்வி பல வடிவங்களில் எழுப்பப்பட்டு வருகிறது. விமர்சகர்கள் இதைப் பெரும்பாலும் ஏளனமாகவே கேட்டனர்.

இக்கேள்விக்கான மிக விரிவான விடை கோட்பாட்டு நூல்களில் இல்லை. ஜெர்மானிய இசைக் கலைஞர் கிளவுஸ் ஷுல்ட்ஸேயின் ரசிகர்கள் ஏறத்தாழ ஐம்பதாண்டுகளாகச் செய்துவந்த பணியில் இருக்கிறது. அவர்கள் அரங்கப் பதிவுகளைக் கேட்டு மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. நாள், ஊர், கால அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்தனர். பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். சிதைந்தவற்றைச் செப்பம் செய்தனர். அரங்கப் பதிவைக் கேளிக்கைப் பொருள் என்னும் நிலையிலிருந்து வரலாற்றுச் சான்று என்னும் நிலைக்கு உயர்த்தியவர்கள் ரசிகர்களே என்பதுதான் இப்பதிவின் வாதம்.

2. சொல்லைப் பற்றி

முதலில் ஒரு சொற்குறிப்பு. ஆங்கிலத்தின் 'லைவ்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இன்று வழங்கும் 'நேரலை' என்பது ஒளிபரப்பைச் சார்ந்தது. நிகழ்வும் அதைக் காண்பதும் ஒரே நேரத்தில் நடப்பதையே அது சுட்டும். 'லைவ் ஆல்பம்' என்பதோ நிகழ்ந்து முடிந்த ஒன்றின் பதிவு. அது நேரலை ஆகாது. நம் பேச்சு வழக்கிலுள்ள 'கச்சேரிப் பதிவு' என்னும் தொடர் பொருளுக்கு மிக நெருங்கியது. எனினும் அது ஒரு குறிப்பிட்ட இசை மரபை நினைவூட்டுவதால், இங்கு 'அரங்கப் பதிவு' என்னும் தொடரைப் பயன்படுத்துகிறேன்.

பிலிப் ஆஸ்லாண்டர் 1999இல் வெளியிட்ட தம் நூலில் சுட்டும் ஒரு செய்தி இங்கு நினைவுகூரத்தக்கது. நிகழ்த்துகலை தொடர்பில் 'லைவ்' என்னும் அடைமொழி 1930களில்தான் ஆங்கிலத்தில் பதிவாகிறது. வானொலியில் இசைத்தட்டு ஒலித்தபோது, அது தட்டா, நேரில் பாடுவதா என்பதைக் கேட்பவர் கண்டறிய இயலவில்லை. அந்த வேறுபாட்டைக் குறிக்கவே இச்சொல் தேவைப்பட்டது. பதிவு என்னும் எதிர்ச்சொல் தோன்றிய பின்னரே 'உயிருள்ள' இசை என்னும் கருத்தும் தோன்றியது. மொழியியலில் இதனைப் பழகிய நிகழ்வாகவே காண்போம்: எதிரிணை வந்த பிறகே பழைய பொருளுக்கு அடைமொழி தேவைப்படும். கைப்பேசி வந்தபின் பழைய தொலைபேசி 'தரைவழித் தொலைபேசி' ஆனதைப் போல.

மின்னணு இசையில் இந்த எதிரிணையே குலைகிறது. ஷுல்ட்ஸேயின் இசை வாழ்வு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

3. கூடமும் அரங்கமும்

ஷுல்ட்ஸே 1947 ஆகஸ்ட் 4 அன்று பெர்லினில் பிறந்தார். தொடக்கத்தில் அவர் முரசுக் கலைஞர். டேஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் தொகுப்பில் (1970) முரசு வாசித்தவர், அதன்பின் ஆஷ் ரா டெம்பிள் குழுவிலும் சிறிது காலம் இருந்து வெளியேறினார். 1972இல் வெளிவந்த 'இர்லிக்ட்' அவருடைய முதல் தனித்தொகுப்பு. அதில் சின்தசைசரே இல்லை. இசைக்குழு ஒன்றின் பதிவையும் மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஆர்கனையும் நாடா உத்திகளையும் கொண்டு அதை உருவாக்கினார். சின்தசைசர் அடுத்த ஆண்டின் 'சைபோர்க்' தொகுப்பில்தான் அவர் இசைக்குள் வருகிறது.

1975இல் வெளிவந்த 'டைம்விண்ட்' அவரை ஐரோப்பா முழுதும் அறிமுகப்படுத்தியது. பிரான்சின் ஷார்ல் க்ரோ கழகத்தின் விருதும் அதற்குக் கிட்டியது. அத்தொகுப்பில் உள்ளவை இரண்டே ஆக்கங்கள். ஒவ்வொன்றும் தட்டின் ஒரு பக்கத்தை நிறைத்து ஏறத்தாழ 30 நிமிடம் ஒலிக்கிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் வழக்கமாக 20 முதல் 25 நிமிட இசையே பொறிக்கப்படும். அதற்கு மேல் சென்றால் பள்ளங்கள் நெருங்கும்; ஒலியின் வலிமை குறையும். ஷுல்ட்ஸே அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார். தட்டின் அளவுக்கு இசையைச் சுருக்க அவர் விரும்பவில்லை.

இங்குதான் ரசிகர்கள் முதலில் கண்டுகொண்ட உண்மை வருகிறது. ஷுல்ட்ஸேயின் 1970களின் கூடப் பதிவுகள் பலவும் நீண்ட நேரம் இடையறாது இசைத்து உருவானவை. துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டிய இசை அன்று. அவருடைய பதிவுக்கூடமே கேட்போர் இல்லாத அரங்கமாக இருந்தது எனலாம். எனவே மற்ற இசைக் கலைஞர்களுக்குப் பொருந்தும் 'கூடத்தில் திருத்தம், அரங்கில் உயிர்ப்பு' என்னும் பாகுபாடு அவருக்குப் பொருந்தாது. அப்படியானால் அரங்கப் பதிவில் மிகுதியாக இருப்பது எது? இடமும் நாளும் கேட்போரும். கூடப் பதிவில் இம்மூன்றும் இல்லை.

4. இயந்திரம் எங்கே முடிகிறது?

இந்த இசையின் நடு நரம்பு சீக்வென்சர் என்னும் கருவி. அதன் இயக்கம் எளியது. மூக் நிறுவனத்தின் 960 எனும் வகையை எடுத்துக்கொள்வோம். அதில் 3 வரிசைகளில் வரிசைக்கு 8 குமிழ்கள் உண்டு. ஒவ்வொரு குமிழும் ஒரு மின்னழுத்த அளவை நிறுவுகிறது. கருவி அவற்றை வரிசையாகக் கடந்து செல்லும்போது அந்தந்த அளவுக்கேற்ற சுரம் ஒலிக்கிறது. 1 வோல்ட் உயர்ந்தால் ஒரு தாயி, அதாவது ஒரு முழு எண்மம், உயரும். எட்டாம் படி முடிந்ததும் முதற்படிக்குத் திரும்பும். கைதொடாமல் விட்டால் அது அதே எட்டுச் சுரங்களை இரவு முழுதும் சுழற்றிக்கொண்டிருக்கும்.

'இயந்திரம் வாசிக்கிறது' என்ற குற்றச்சாட்டு இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. ரசிகர்கள் இதற்கு அப்பால் கேட்டார்கள். சுழலும் எட்டுச் சுரங்களில் ஒன்றை மட்டும் கலைஞர் எப்போது திருப்புகிறார்? ஒலிவடிப்பானை எவ்வளவு மெல்லத் திறக்கிறார்? அடித்தளச் சுரத்தை எந்தக் கணத்தில் மாற்றுகிறார்? அம்மாற்றத்துக்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? கச்சேரி மொழியில் மனோதர்மம் என்று சொல்வோமே, அது இவ்விசையில் சுரங்களைப் புனைவதைவிட மாற்றத்தின் காலத்தைத் தீர்மானிப்பதிலேயே குடிகொண்டிருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் மாறாதிருந்த ஒன்று பதின்மூன்றாம் நிமிடத்தில் அரைச்சுரம் அசையும்போது, அவ்வசைவு ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்தது மனிதக் கை.

அந்தக் கையைக் கேட்போர் காண இயலவில்லை என்பதும் முக்கியம். 1970களின் நிகழ்ச்சிகளில் ஷுல்ட்ஸே கருவிகளின் நடுவே தரையில் அமர்ந்து, அரங்குக்கு முதுகு காட்டியபடி இசைத்தார். வயலினில் வில் செல்லும் திசையைக் கண்டு ஒலியை எதிர்பார்க்கலாம். இங்கு அத்தகைய கண்சாட்சி ஏதுமில்லை. எனவே இவ்விசையில் அரங்கில் இருந்தவருக்கும் பதிவைக் கேட்பவருக்கும் உள்ள தொலைவு பிற இசைகளில் உள்ளதைவிடக் குறைவு. இருவருமே செவியை மட்டும் நம்பி, கையின் செயலை ஊகிக்க வேண்டியவர்கள். அரங்கப் பதிவின் மேல் இந்த ரசிகர்களுக்கு இருந்த அலாதியான பற்றுக்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மற்றொரு காரணம் கருவிகளின் நிலையின்மை. அக்கால ஒப்புமைவகைச் சின்தசைசரின் அலையியற்றிகள் வெப்பத்துக்கேற்பச் சுருதி விலகும். மேடை விளக்குகளின் சூடும் அரங்கில் நிறைந்த மக்களின் மூச்சும் அந்த விலகலுக்கு வழிசெய்தன. ஒருவகையில் அவ்விரவின் தட்பவெப்பமே ஒலியில் பதிந்தது. அதே அமைப்பை மறுநாள் வேறூரில் வைத்தாலும் அதே ஒலி பிறக்காது. இயந்திரம் மாறாதது என்ற பொது நம்பிக்கைக்கு நேர்மாறாக, இந்த இசையில் மிக எளிதில் மாறியது இயந்திரமே.

5. பாட வேறுபாடுகள்

ஷுல்ட்ஸேயின் முதல் அரங்கத் தொகுப்பு 1980இல் வெளிவந்தது. 1970களின் பிற்பகுதி நிகழ்ச்சிகளிலிருந்து தேர்ந்த நான்கு நீண்ட ஆக்கங்கள் அந்த இரட்டைத் தட்டில் உள்ளன. ஏற்கெனவே கூடத்தில் பதிவாகி ரசிகர்கள் மனப்பாடமாக அறிந்திருந்த ஆக்கங்களின் மறுபதிப்புகளாக அவை அமையவில்லை. அரங்கிலேயே உருவானவை, பெயரும் தட்டாகும்போது பெற்றவை. வணிக நோக்கில் அரங்கத் தொகுப்பு என்பது புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பு. இது அவ்வகையில் சேராது. அவ்விரவுகளில் அங்கிருந்தோர் தவிர எவரும் கேட்டிராத இசை இது.

சுவடியியலில் பயிற்சியுடையோர் இதன் விளைவை உடனே உணர்வர். பாட வேறுபாடுகளைப் பேசுவதற்கு ஒரு மூலபாடம் வேண்டும். ஷுல்ட்ஸேயின் அரங்க இசைக்கு மூலபாடம் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனிப்பிரதி. அப்பிரதி ஒருவருடைய ஒலிநாடாவில் பதிந்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆகவே ஒலிநாடா பரிமாறிக்கொண்ட ரசிகர்களின் பணி ஏடு பெயர்த்தெழுதுவோர் பணியை ஒத்திருந்தது. படியின் படி எடுக்கும்தோறும் இரைச்சல் கூடும். இரு கருவிகளின் வேகம் சற்றே வேறுபட்டால் சுருதி மாறும். நாடாவைத் திருப்பிப் போடும் இடத்தில் சில நொடிகள் தொலையும். ஆகவே இது எத்தனையாவது தலைமுறைப் படி, எந்த ஊரில் எடுத்தது, இடைவெளி எங்கே என்பனவற்றை உறைமேல் குறிக்கும் வழக்கம் தோன்றியது. பயிற்சி பெறாத பல கைகள் சேர்ந்து ஒரு பதிப்பு நெறியை உருவாக்கின.

அந்நெறி அதிகாரப்பூர்வத் தட்டுகளையும் கேள்விக்குட்படுத்தியது. நெருங்கிய எடுத்துக்காட்டு டேஞ்சரின் ட்ரீம் குழுவின் 'ரிக்கோஷே' (1975). அது அரங்கப் பதிவு என்றே அறிமுகமானது. அதே சுற்றுப்பயணத்தின் ரசிகர் நாடாக்களோடு ஒப்பிட்டுக் கேட்டபோது, தட்டில் உள்ளதில் பெரும்பகுதி கூடத்தில் உருவாக்கவோ திருத்தவோ பட்டது என்பது தெளிவாயிற்று. இந்தக் கண்டுபிடிப்பால் ரசிகர்கள் அத்தட்டை ஒதுக்கவில்லை. இன்றும் அது பெரிதும் போற்றப்படும் தொகுப்புகளுள் ஒன்று. அதைக் கேட்கும் முறையே மாறியது. 'அரங்கம்' என்பது தட்டின் உறையில் நிறுவனம் இடும் முத்திரை அன்று, சான்றுகொண்டு நிறுவ வேண்டிய கூற்று என்னும் தெளிவு பிறந்தது. 2002இல் அக்குழுவின் ரசிகர்கள் 'டேஞ்சரின் ட்ரீ' என்னும் பெயரில், இலாப நோக்கின்றி, அரங்க நாடாக்களைத் திரட்டிச் செப்பம் செய்யத் தொடங்கினர். மறு ஆண்டே வெளிவந்த அதிகாரப்பூர்வப் பெட்டித்தொகுதி ஒன்று அவ்வுழைப்பைப் பயன்படுத்திக்கொண்டது. காப்பகம் ரசிகரிடமிருந்து நிறுவனத்துக்குச் சென்ற அரிய நிகழ்வு இது.

6. போலந்து, 1983

இனி இப்பதிவின் மையத்துக்கு வருகிறேன். 1983இல் வெளிவந்த ஷுல்ட்ஸேயின் அரங்கத் தொகுப்பின் பெயர் 'ஜென்குயெ போலந்து'. ரைனர் ப்ளாஸ் என்னும் இசைக் கலைஞருடன் அவர் போலந்தில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தின் பதிவு அது.

காலச்சூழலை நினைவுபடுத்திக்கொள்வோம். 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தின் வேலைநிறுத்தத்திலிருந்து 'சொலிதார்னோஷ்ச்' என்னும் சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது. 1981 டிசம்பர் 13 அன்று அரசு இராணுவச் சட்டத்தை அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் சிறைவைக்கப்பட்டனர், தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன, ஊரடங்கு நிலவியது. மூன்று நாள் கழித்துக் கத்தோவித்ஸேயின் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 1982 அக்டோபரில் தொழிற்சங்கம் சட்டப்படி கலைக்கப்பட்டது. இராணுவச் சட்டம் 1983 ஜூலை 22 அன்றுதான் நீங்கியது.

அதே ஆண்டில் வெளிவந்த இத்தட்டின் ஆக்கங்களுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள்: கத்தோவித்ஸே, வார்சா, வூச், கதான்ஸ்க். இறுதியாக 'ஜென்குயெ'. இவை சுற்றுப்பயணம் சென்ற ஊர்களின் பெயர்கள். ஷுல்ட்ஸே அரசியல் அறிக்கை விடவில்லை. அவ்வாறு அவர்மேல் ஏற்றிச் சொல்வதும் முறையன்று. ஆனால் 1983இல் போலந்து ரசிகர் ஒருவர் தட்டின் உறையில் கத்தோவித்ஸே, கதான்ஸ்க் என்று வாசிக்கும்போது அவை வெறும் நிலவியற் பெயர்களாக ஒலித்திருக்க இயலாது. சொல்லே இல்லாத இசைக்கு ஊர்ப்பெயர் ஒன்று போதுமான சொல்லாகிவிடுகிறது. கூடப் பதிவின் தலைப்பு எதை வேண்டுமானாலும் குறிக்கலாம். அரங்கப் பதிவின் ஊர்ப்பெயரோ மொழியியலில் நாம் சுட்டு என்று அழைக்கும் பணியைச் செய்கிறது: இங்கே, அன்று, நீங்கள்.

தொகுப்பின் பெயர் இன்னும் நுட்பமானது. 'ஜென்குயெ' என்பது போலிய மொழியில் 'நன்றி கூறுகிறேன்' என்னும் வினைமுற்று. தமிழ் வினைமுற்றைப் போலவே அதன் விகுதியிலேயே தன்மை ஒருமை அடங்கியிருக்கிறது; 'நான்' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அரங்குக்கு முதுகு காட்டி, சொல் எதுவுமின்றி இசைத்துப் பழகிய ஒருவர், தம்மைத் தன்மையிடத்தில் நிறுத்திக்கொண்டு கேட்போரை நோக்கித் திரும்புவது இத்தலைப்பில்தான். அதன் அடுத்த சொல் 'போலந்து'. இது அந்நாட்டின் பெயர் போலிய மொழியில் பெறும் 'போல்ஸ்கா' என்னும் வடிவமும் அன்று, ஜெர்மானிய வடிவமான 'போலன்' என்பதும் அன்று, ஆங்கில வடிவம். முதற்சொல் கேட்போருக்கு, இரண்டாம் சொல் உலகச் சந்தைக்கு. இரு சொற்களிலும் அவருடைய தாய்மொழி இல்லை.

இல்லை என்று முழுமையாகவும் சொல்லிவிட இயலாது. 'ஜென்குயெ' என்னும் சொல்லின் வேரை, இடைக்காலத்தில் ஜெர்மானிய மொழியிலிருந்து மேற்கு ஸ்லாவிய மொழிகளுக்குச் சென்ற கடன்சொல்லாகவே வரலாற்று மொழியியலாளர் கொள்கின்றனர். இன்றைய ஜெர்மானியச் சொல்லான 'டாங்கெ' அதன் உறவுச்சொல். பல நூற்றாண்டுகளுக்கு முன் கடனாகச் சென்ற ஒரு நன்றியை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெர்லின்காரர் ஒருவர் போலந்து மக்களிடம் அவர்கள் ஒலிப்பிலேயே திருப்பிச் சொல்கிறார். அவர் இதை அறிந்து செய்தார் என்று நான் வாதிடவில்லை. சொற்கள் தம் வரலாற்றைத் தாமே சுமந்து செல்லும்.

7. யாருக்கு வசதியான மௌனம்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இரும்புத்திரைக்கு அப்பால் ஒலித்த மேற்கத்திய இசை அனைத்தையும் விடுதலைக் குரலாக வாசிக்கும் பழக்கம் நம் ஆய்வுலகில் உண்டு. அது எளிமைப்படுத்தல். போலந்தில் வெளிநாட்டுக் கலைஞரின் நிகழ்ச்சிகள் 'பகார்ட்' என்னும் அரசுக் கலைமுகமையின் வழியாகவே நடக்க இயலும். அரசு விரும்பியிருந்தால் தடுத்திருக்கலாம். சொற்களற்ற இசை தணிக்கையாளருக்கும் வசதியானது. தடைசெய்ய அதில் வரி ஏதுமில்லை. அனுமதிப்பதன் மூலம் நாட்டில் இயல்புநிலை திரும்பிவிட்டது என்று காட்டவும் அது உதவும்.

ஆயினும் அரசின் கணக்கும் கேட்போரின் கணக்கும் ஒன்றல்ல. போலந்தில் இவ்விசைக்கு அதற்கு முன்பே ஆழ்ந்த வரவேற்பு இருந்தது. போலிய மொழி அதற்கென்று 'எல்-மூசிகா' என்னும் தனிப்பெயரையே ஆக்கிக்கொண்டது. 'மின்னணு' என்பதன் முதலசையை மட்டும் முன்னொட்டாக வைத்த சுருக்கம் அது. ஓர் இசைவகைக்கு ஒரு மொழிச்சமூகம் தன் சொந்தப் பெயரைச் சூட்டுகிறது என்றால், அது இறக்குமதிப் பொருள் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்று பொருள். போலந்து வானொலியின் மூன்றாம் அலைவரிசை முழு இசைத்தட்டுகளையே இடையீடின்றி ஒலிபரப்பும். கேட்போர் ஒலிநாடாவில் பதிந்துகொள்வர். மேற்கத்தியத் தட்டுகள் கடைகளில் அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த நாட்டில் அந்நாடாக்களே தனிநபர் நூலகங்களாயின.

ஆகவே 1983இல் ஷுல்ட்ஸே மேடையேறியபோது அவர் முன் இருந்தது, அவ்விசையைப் பல ஆண்டுகளாகத் தன் வீட்டுக் கருவிகளில் படியெடுத்துப் பழகிய கூட்டம். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று டேஞ்சரின் ட்ரீம் வார்சாவில் நிகழ்த்தியதும், அடுத்த ஆண்டு அது 'போலந்து' என்ற பெயரிலேயே தொகுப்பாக வந்ததும் தற்செயல் அல்ல. அக்குழு 1980 ஜனவரி 31இலேயே கிழக்கு பெர்லினின் குடியரசு மாளிகையில் நிகழ்த்தியிருந்தது. ஷுல்ட்ஸேயும் 1989 ஆகஸ்ட் 5 அன்று கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் நிகழ்த்தினார். பெர்லின் சுவர் திறக்க அப்போது மூன்று மாதமே இருந்தது என்பதை மேடையிலிருந்தவரும் அறியார், கீழிருந்தவரும் அறியார். அடுத்த ஆண்டு அது தட்டாக வந்தபோது, நிகழ்ச்சி நடந்த நாடே மறையும் தறுவாயில் இருந்தது. கூடப் பதிவு எதற்கும் இத்தகைய தேதி வாய்ப்பதில்லை.

8. ஐம்பது குறுந்தகடுகள்

ரசிகர் பணியின் அடுத்த கட்டம் ஆவணப் பதிப்பு. ஷுல்ட்ஸேயின் நெடுநாளைய நண்பரும் அவர் இசையின் பதிப்பாளருமான கிளவுஸ் டி. முல்லர், கிடங்கில் குவிந்திருந்த நாடாக்களை ஒழுங்குபடுத்தினார். 1993இல் 10 குறுந்தகடுகள், 1995இல் மேலும் 10, 1997இல் 25 என்று பெட்டித்தொகுதிகள் வெளிவந்தன. 2000ஆம் ஆண்டில் இவை யாவும் புதிதாக ஐந்தைச் சேர்த்து 50 தகடுகள் கொண்ட ஒரே தொகுதியாயின. அவற்றில் கணிசமான பகுதி அரங்கப் பதிவுகள். பெரிய நிறுவனம் எதுவும் இத்தகைய வெளியீட்டில் முதலீடு செய்யாது. வாங்குவதற்கு ஒரு சிறு கூட்டம் உறுதியாக இருக்கிறது என்ற நம்பிக்கையே அதன் மூலதனம்.

2009 முதல் 2015 வரை 'லா வி எலெக்ட்ரோனிக்' என்னும் வரிசையில் அதே செல்வம் 16 பகுதிகளாகக் கால வரிசைப்படி மறுபதிப்புப் பெற்றது. இந்த மாற்றத்தைச் சிறிய செய்தியாகக் கொள்ளக்கூடாது. 50 தகடுகளின் பெட்டி ஒரு களஞ்சியம். கால வரிசையோ ஒரு வரலாறு. 1970களின் தொடக்கத்தில் ஆர்கனோடு தொடங்கியவர் எந்த ஆண்டில் எந்தக் கருவியை ஏற்றார், எதைக் கைவிட்டார் என்பதை இனி எவரும் வரிசையாகக் கேட்டே அறியலாம்.

அவ்வாறு கேட்கும்போது ரசிகர்களின் பழைய வழக்கொன்றும் மறுபரிசீலனைக்கு வருகிறது. 1980இல் வெளியான 'டிக் இட்' தொகுப்பில் ஷுல்ட்ஸே எண்மக் கருவிக்கு மாறினார். அதன் முதல் ஆக்கத்துக்கே ஒப்புமைவகை ஒன்றின் மரணம் என்று பொருள்படும் தலைப்பை இட்டார். பழைய ரசிகர்கள் பலருக்கு அத்துடன் பொற்காலம் முடிந்தது. ஆனால் 1983இன் போலந்துப் பதிவு அந்த 'மரணத்துக்கு' மூன்றாண்டு பிந்தியது. கருவி மாறியும் காத்திருந்து மாற்றும் கை மாறவில்லை என்பதை அரங்கப் பதிவே காட்டுகிறது. பொற்காலக் கதையை உருவாக்கியவர்களும் ரசிகர்கள். அதை மறுக்கும் சான்றைக் காத்துத் தந்தவர்களும் ரசிகர்கள்.

9. மாற்றுக் கருத்துகள்

இதற்கு எதிராக வைக்கத்தக்க வாதங்கள் இரண்டு. முதலாவது, இது சேகரிப்புப் பித்து. 50 தகடுகளைக் காப்பதால் தேர்வு என்பதே இல்லாமற்போகிறது என்பது. இதில் உண்மை உண்டு. எல்லா இரவுகளும் ஒரே தரத்தன அல்ல. இழுபட்டுத் தொய்ந்த பகுதிகள் அவற்றில் ஏராளம். ஆனால் தேர்வு செய்வதற்கும் முன்னே பொருள் இருக்க வேண்டும். எது சிறந்தது என்று 1977இல் ஒருவர் எடுத்த முடிவே இறுதியாகியிருந்தால், பின்வந்தோர் கேட்பதற்கு மிகச் சிலவே மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. அனுமதியின்றி எடுத்த ஒலிநாடா கலைஞரின் உரிமையை மீறுகிறது. ஒரு கலைஞர் தம் இசை அவ்விரவோடு மறைய வேண்டும் என்று விரும்பினால் அவ்விருப்பத்துக்கு மதிப்பில்லையா? இதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. இலாபமின்றிப் பகிர்தல், கலைஞர் தரப்பே வெளியிட முன்வரும்போது அதற்கு வழிவிடுதல் ஆகிய இரண்டும் இச்சிக்கலைக் குறைக்கின்றன, தீர்க்கவில்லை. ஆய்வு மாணவர்கள் இத்தகைய சான்றுகளைப் பயன்படுத்தும்போது இக்கேள்வியை ஆய்வேட்டிலேயே வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

10. முடிவாக

2008இல் லோரலை குன்றில் பாடகி லீசா ஜெரார்டுடன் நிகழ்த்திய ஷுல்ட்ஸே, அடுத்த ஆண்டின் அரங்கத் தொகுப்புக்கு 'ஜென்குயெ பார்த்ஸோ' என்று பெயரிட்டார். 'மிக்க நன்றி' என்பது பொருள். 26 ஆண்டுக்கு முந்தைய சொல்லை மீண்டும் எடுத்து, ஓர் அடையைச் சேர்த்திருக்கிறார். இம்முறை நாட்டின் பெயர் இல்லை. 1983இன் தட்டைக் கேட்டவருக்கு அது தேவைப்படாது. கேளாதவருக்கு அத்தலைப்பு பாதியே விளங்கும். ஒரு கலைஞர் தம் ரசிகர்களின் நினைவை நம்பி இட்ட தலைப்பு அது. 2010இல் டோக்கியோ நிகழ்ச்சிகளின் பதிவு வெளிவந்தது. 2022 ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார்.

இசை வரலாற்றை நாம் பெரும்பாலும் இசைத்தவரின் வரலாறாகவே எழுதுகிறோம். கேட்டவர் அதில் எண்ணிக்கையாகவோ கூச்சலாகவோ மட்டும் இடம்பெறுகிறார். அதிகாரப்பூர்வத் தட்டுகளின் பட்டியலை மட்டும் கொண்டு எழுதினால், 1983இன் போலந்து ஒரு கலைஞரின் வாழ்வில் இடம்பெற்ற ஒரு சுற்றுப்பயணமாகச் சுருங்கிவிடும். வானொலியிலிருந்து நாடாவில் படியெடுத்தவர், உறைமேல் ஊரும் நாளும் குறித்தவர், இரு படிகளை ஒப்பிட்டுத் தொலைந்த நொடிகளைத் தேடியவர் எவரும் அதில் இருக்கமாட்டார். அவர்கள் இல்லையேல் 'நன்றி கூறுகிறேன்' என்னும் அந்த வினைமுற்றுக்கு முன்னிலையும் இல்லை.

இசை ஆய்வில் ஈடுபடும் மாணவர்கள் தாம் எடுத்துக்கொள்ளும் எந்தக் கலைஞரைப் பற்றியும் இவ்வினாக்களைத் தொடக்கத்திலேயே எழுப்பிக்கொள்ளலாம்: இவருடைய அரங்க இசை எங்கே இருக்கிறது? யார் கையில், எத்தனையாவது படியாக? அதன் நாளும் ஊரும் எவ்வாறு நிறுவப்பட்டன? விடை தேடிச் செல்லும் வழி பெரும்பாலும் ஒரு ரசிகரின் வீட்டு அலமாரியில் முடியும் என்பது என் எதிர்பார்ப்பு. அந்த அலமாரிகள் ஆய்வு நிறுவனங்களின் கவனத்துக்கு வருமுன் நாடாக்கள் பூஞ்சை பிடித்துவிடக்கூடாது.

மாற்றுக் கருத்துகளையும் திருத்தங்களையும் வரவேற்கிறேன். போலிய மொழி அறிந்த நண்பர்கள் 'எல்-மூசிகா' என்னும் சொல்லாக்கம் குறித்து மேலும் சொல்ல இயலுமானால் நன்றியுடையவனாவேன்.